மூணு தடவை நின்ன லிஃப்ட்

— ஜிப்பாவை அப்பறம் தேடிக்கலாமுங்க. இந்த நோட்டுல இருக்கறது உங்க கையெழுத்துதானேன்னு கேட்டேன். அதுக்கு பதில் சொல்லுங்க.

— எந்த நோட்டு? அரே, அது பழசு சுபா. குடு இங்கே. பதினோரு மணிக்கு போலாரம் ஸ்கூல்ல கதை சொல்லணும், இப்பவே ஒன்பதே முக்கால் ஆச்சு. கேப் புக் பண்ணணும், வர்ஷினி இன்னும் கீழே சைக்கிள் ஓட்டிட்டு இருக்கா...

— குடுக்க மாட்டேன். நானே படிக்கறேன், நின்னு கேளுங்க. "ஜூலை பதினொண்ணு. மாலை நாலு பத்து. லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவில். பவர் ஆஃப். நாற்பது விநாடி வரை சத்தம் இல்லை. பிறகு 'அம்மா', இரண்டு முறை. கதவைத் தட்டுகிறாள், ஏழு முறை. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் அழுகை. பவர் ஆன்."

— ஜிப்பா எங்கே சுபா? டயம் ஆச்சு.

— பேச்சை மாத்தாதீங்க. மைக் கிடைச்சா கதை சொல்றேன்னு ஒன்றரை மணி நேரம் அணில் மாதிரி கத்துவீங்க, ஆமை மாதிரி நடப்பீங்க. இப்ப என்ன ஆச்சு?

— அது ஒரு அப்சர்வேஷன். எதுக்கு இதைப் போய் இப்ப தோண்டிட்டு இருக்கே?

— ஜிப்பா தேடினேன், இது கிடைச்சுது. அன்னைக்கு கரண்ட் போயிடுச்சுன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க? நான் ஆபீஸ்ல இருந்து அரக்கப்பரக்க ஓடிவந்தேன். புள்ளை உங்க கழுத்தைக் கட்டிட்டு தேம்பிட்டு இருந்தா. நீங்க முதுகைத் தடவிக் குடுத்துட்டு நின்னீங்க.

— கரண்ட் போச்சுதான். டெக்னிக்கலா பார்த்தா...

— யாரு போக வெச்சது?

— சுபா, லாஜிக்கா பாரு...

— யாருங்க போக வெச்சது?

— நான்தான்.

— கெரகம்.

— முழுசாக் கேளு. மொட்டை மாடி லிஃப்ட் ரூம்ல மெயின் ஸ்விட்ச் இருக்கில்ல, அதை ஆஃப் பண்ணினேன். பண்ணிட்டு எங்கேயும் போயிடலை. நேரா மூணாவது மாடிக்கு இறங்கி வந்து லிஃப்ட் கதவுக்கு வெளியிலயேதான் நின்னேன். உள்ளே பேட்டரி லைட் எரியுது. காத்து போக ஓட்டை இருக்கு, முன்னாடியே செக் பண்ணினேன். ஸ்டாப் கண்டிஷனும் வெச்சிருந்தேன். அவ அழ ஆரம்பிச்சா அவ்வளவுதான், உடனே மேலே ஓடிப்போய் ஆன் பண்ணிடணும். சிம்பிள். ரிஸ்க்கே இல்லை.

— புள்ளை உள்ளே கதவைத் தட்டறா. நீங்க வெளிய நின்னு எண்ணிட்டு இருந்தீங்க. ஏழு தடவைன்னு.

— எண்ணாம எப்படி எழுதறது?

— தூ. உங்களோட இத்தனை வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கேன்னு நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்குதுங்க.

— இப்படியெல்லாம் பேசாதே. நக்கோ, வேண்டாம். அப்ப என் நிலைமை என்னன்னு உனக்குத் தெரியும். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எழுதின ரெண்டு கதையும் திரும்பி வந்துடுச்சு. அந்த எடிட்டர் கல்பகம் மேடம் என்ன எழுதினாங்க? "உங்கள் கதையில் வரும் குழந்தை, வாஷிங் மெஷினோடு வரும் கையேடு மாதிரி பேசுகிறது." அதைப் படிச்சுட்டு நீயே சிரிச்சே.

— சிரிச்சேன். அதுக்கு?

— அதுக்கு நான் கொஞ்சம் கத்துக்க வேண்டியிருந்தது. சனத்நகர் ஃபேக்டரியில பதினாறு வருஷம் ஸ்விட்ச் டெஸ்ட் பண்ணினவன் நான். எது எத்தனை தடவை தாங்கும், எப்ப விட்டுடும்னு பார்க்கறதுதான் வேலை. பார்க்காம ஒரு வரி எழுத எனக்கு வராது. மத்தவங்க மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கற்பனை பண்ணத் தெரியாது. பயப்படற குழந்தை எப்படிப் பேசும்? எனக்குத் தெரியலை. பார்த்தேன். அவ்வளவுதான்.

— அது ஸ்விட்ச்சுங்க. இது நான் பெத்த புள்ளை.

— எனக்கும் புள்ளைதான்.

— பேசாதீங்க. இன்னும் பக்கம் இருக்குது, படிக்கறேன். "ஜூலை இருபத்தைந்து. இரண்டாம் முறை." ரெண்டாம் முறை! ஒரு தடவை பத்தலையா உங்களுக்கு?

— ஒரு தடவை வந்த ரிசல்ட்டை யாரும் ரிசல்ட்டுன்னு எடுத்துக்க மாட்டாங்க சுபா. மூணு தடவையாவது பார்க்கணும். அது ரூல்.

— யாரோட ரூல்?

— எல்லா லேப்லயும் அதான் ரூல்.

— என் வீடு லேப் இல்லீங்க. "இரண்டாம் முறை. மூன்று நிமிடம் நாற்பது விநாடி. இந்த முறை தட்டவில்லை. பாட்டுப் பாடிப் பார்க்கிறாள். நடுவில் நிறுத்துகிறாள். மிக நல்ல இடம். புத்தகத்தில் அப்படியே வைக்கலாம்." மிக நல்ல இடமாம். புள்ளை பயத்துல பாடறா, அப்பன் வெளிய நின்னுட்டு மிக நல்ல இடம்னு எழுதிக்கறான். அவன் இவன்னு வருது பாருங்க என் வாயில. கல்யாணம் ஆகி பன்னெண்டு வருஷத்துல இதான் முதல் தடவை.

— ஹவ், ஆமா, திட்டு. நல்லா திட்டு. ஆனா அந்தப் பாட்டு வர்ற பக்கத்தைப் படிச்சுட்டு எத்தனை அம்மாக்கள் எனக்கு எழுதியிருக்காங்க தெரியுமா? எங்க பொண்ணு உங்க புஸ்தகத்தைக் கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்கறான்னு.

— எழுதுவாங்க. இந்த நோட்டை அவங்க படிச்சதில்லையே.

— மூணாவது தடவைதான் முக்கியம். அதைப் படி. அதைப் படிச்சா நான் சொல்றது உனக்குப் புரியும்.

— படிக்கறேன். "ஆகஸ்ட் எட்டு. மூன்றாம் முறை. ஐந்து விநாடி." அவ்வளவுதான் இருக்குது. அடியில மூணு கோடு இழுத்திருக்கீங்க.

— அஞ்சே விநாடி! யோசிச்சுப் பாரு. முதல் தடவை ரெண்டே முக்கால் நிமிஷத்துக்கு மேல தாங்கினா. ரெண்டாவது தடவை அதைவிட அதிகம். அப்ப என்ன அர்த்தம்? பழகிட்டா, பயம் குறையுதுன்னு அர்த்தம். மூணாவது தடவை அஞ்சு நிமிஷம் தாங்குவான்னு நினைச்சேன். லிஃப்ட் நின்னு நான் ஒரு மாடி இறங்கி வரதுக்குள்ளே ஊரே கேக்கற மாதிரி அழுகை! லாஜிக்கே இல்லை. ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் பட்டுனு புரிஞ்சது. எவ்வளவு தைரியமான குழந்தையும் ஒருநாள் திடீர்னு உடைஞ்சு போகலாம். அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லை. அதுதான் புக்கோட கடைசி அத்தியாயம். எல்லாரும் கண்ணைத் தொடைச்சுக்கற இடம் அதுதான். நானே இன்னைக்கும் மேடையில படிக்கும்போது...

— அழுவீங்க. பார்த்திருக்கேன். அந்தக் கண்ணீரை நிஜம்னு நம்பி, பின்வரிசையில நானும் உட்கார்ந்து அழுதிருக்கேன். அஞ்சு விநாடிக்கு மேல தாங்க முடியாத அளவுக்குப் புள்ளையை மிரட்டி வெச்சிருக்கீங்க, அதுல தத்துவம் கண்டுபிடிச்சுட்டேன்னு பெருமை வேற. இன்னைக்கும் அவ லிஃப்ட்ல ஏற மாட்டா. நாலு மாடியும் படியேறித்தான் வர்றா. ஸ்கூல் பையைத் தூக்கிட்டு, மூச்சு வாங்கிட்டு. நல்ல எக்ஸர்சைஸ்னு சொன்னீங்களே அன்னைக்கு, கொஞ்சமாவது கூசுச்சா?

— கூசினது. சத்தியமா.

— சரி. சாம்பசிவம்?

— அதை ஏன் இப்ப...

— ஏன்னு கேக்கறீங்களா? லிஃப்ட் ரூம் சாவி வாட்ச்மேன் கிட்டதான் இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க. மூணாவது தடவை நின்னதும் எனக்கு வந்த கோவத்துல அப்பார்ட்மெண்ட் குரூப்ல பக்கம் பக்கமா எழுதினேன். "சாம்பசிவம் போனை நோண்டிட்டு ஸ்விட்ச்சைத் தட்டி விடறான், என் குழந்தை உயிரோட விளையாடறான்"னு. அசோசியேஷன் செயலாளர் செல்லப்பா சார் கூப்பிட்டு விசாரிச்சாரு. அன்னைக்கு டெக்னிக்கல் கமிட்டின்னு பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது யாரு?

— நான்.

— டூப்ளிகேட் சாவி யாருகிட்ட இருந்துச்சு?

— எங்கிட்ட.

— ரிப்போர்ட் எழுதினது யாரு?

— நான்தான். ஆனா அவன் பேரை நான் எழுதலை சுபா. "காவலர் தரப்பில் கவனக்குறைவு இருக்கலாம்"னுதான் எழுதினேன். இருக்கலாம்னு.

— அடேங்கப்பா, எவ்வளவு நேர்மை! அந்த ஒரு வார்த்தைக்கு உங்களுக்கு ஒரு மெடல் தனியாக் குடுக்கணும். அந்த மனுஷன் கையைக் கட்டிட்டு நின்னாரு. உங்களையே பார்த்துட்டு நின்னாரு. "நாக்குத் தெலியது சார்"னு மட்டும்தான் சொன்னாரு, எனக்குத் தெரியாது சார்னு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. தப்பு பண்ணினவன்தான் இப்படிக் கம்முனு நிப்பான்னு நானும் நினைச்சேன். அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கீழே ஒத்தை ரூம்ல இருந்த குடும்பம், பாயும் பாத்திரமுமா ஆட்டோவுல ஏறிச்சு. நான் பால்கனியில நின்னு பார்த்தேன்.

— வேற எங்கேயாவது வேலை கிடைச்சிருக்கும். இந்த ஏரியாவுல தினம் ஒரு அப்பார்ட்மெண்ட் எழும்புது.

— விசாரிச்சீங்களா?

— இல்லை.

— அவரு சம்சாரம் ஒரு மாசம் கழிச்சு வந்துச்சு. வீட்டு வேலை ஏதாவது இருந்தா சொல்லும்மான்னு வாசல் கேட் பக்கத்துல நின்னுச்சு. நான் கீழே இறங்கிக்கூடப் போகலீங்க. இன்டர்காம்லயே வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்களை நினைச்சா மட்டும் இல்லை, என்னை நினைச்சாலும் எனக்கு அருவருப்பா இருக்குது. ஆனா நான் தெரியாம பண்ணினேன். நீங்க?

— நான் பயந்துட்டேன். உண்மையைச் சொன்னா என்ன ஆகும்? அசோசியேஷன்ல என்ன பேசுவாங்க? நீ என்ன பண்ணுவே? புக் அப்பத்தான் முடியற கட்டத்துல இருந்தது. என் வாழ்க்கையில நான் உருப்படியா பண்ணின ஒரே காரியம் அது.

— சரிங்க. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. இன்னைக்கு சாயந்தரம் அசோசியேஷன் மீட்டிங். அங்க எழுந்து நின்னு, நான்தான் பண்ணினேன்னு சொல்லணும். சாம்பசிவம் எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சு, என் முன்னாடி அவருகிட்ட மன்னிப்பு கேக்கணும். வர்ஷினி இன்னைக்கு மேடை ஏற மாட்டா.

— சுபா, மேடையில அவ இல்லாம எப்படி? நோட்டீஸ்லயே போட்டிருக்காங்க, "கதையின் நிஜ நாயகி நேரில்"னு. முந்நூறு குழந்தைங்க காத்துட்டு இருப்பாங்க. கடைசி அத்தியாயத்தை அவதான் படிக்கப் போறா. ஒரு வாரமா பிராக்டிஸ் பண்றா பாவம்.

— பாவம்ங்கற வார்த்தை உங்க வாயில வருது பாருங்க.

— இந்த ஈவென்ட் மட்டும் முடியட்டும், அவ்வளவுதான். அப்புறம் நீ சொல்ற எல்லாம் பண்றேன். அந்த நோட்டையும் கிழிச்சுப் போட்டுடறேன். எல்லாம் முடிஞ்சு போன கதை.

— முடிஞ்சு போன கதையா? அப்ப கடைசிப் பக்கத்துல புது மையில எழுதியிருக்கறது என்னுங்க?

— எந்தப் பக்கம்? அதைக் குடு.

— கையை எடுங்க. "அடுத்த புத்தகம்: தொலைந்து போதல். இடம்: காய்கறிச் சந்தை, ஞாயிறு காலை, கூட்டம் அதிகம். கையை விடுதல். இருபது அடி தூரத்தில் மறைந்து நிற்க வேண்டும். அதிகபட்சம் ஆறு நிமிடம்." ஞாயித்துக்கிழமை... நாளைக்கு. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போறதா சொன்னீங்க. நான் பை எல்லாம் எடுத்து வெச்சேன்.

— பிளான்தான். பண்ணணும்னு முடிவு பண்ணலை.

— ஆறு நிமிஷம். சந்தைக் கூட்டத்துல. ஆறு நிமிஷத்துல யாராவது என் புள்ளை கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா?

— இருபது அடிதான் சுபா. நான் பார்த்துட்டே இருப்பேன்.

— என்னங்க பார்ப்பீங்க? நோட்டைப் பார்ப்பீங்க. வாட்ச்சைப் பார்ப்பீங்க. எனக்கு உங்க மூஞ்சியைப் பார்க்கவே முடியலைங்க. எங்க ஊரு கோபிக்குப் போற வண்டி எதுவா இருந்தாலும் சரி, இன்னைக்கே புள்ளையைக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பறேன். நீங்க இங்க உட்கார்ந்து யாரு யாரு எத்தனை விநாடியில அழறாங்கன்னு பார்த்துக்குங்க.

— சுபா, நில்லு. போகாதே. ப்ளீஸ். உட்காரு ஒரு நிமிஷம்... எனக்கே தெரியலை, எப்ப இப்படி ஆனேன்னு. முதல் தடவை பண்ணவே மனசு வரலை. ரெண்டாவது தடவை யோசிக்கவே இல்லை. மூணாவது தடவை, இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கக் கூடாதான்னு எரிச்சல்தான் வந்தது. அந்தச் சந்தை பிளானை எழுதினப்போ எனக்கு ஒண்ணுமே தோணலை. காய்கறி லிஸ்ட் எழுதற மாதிரிதான் இருந்தது. நீ சத்தமாப் படிச்சப்போதான் காதுல விழுந்தது.

— விழுந்துச்சுல்ல? சந்தோஷம்.

— சாயந்தரம் மீட்டிங்ல சொல்லிடறேன். ஸ்கூலுக்கு இப்பவே போன் பண்ணி வரலைன்னு சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி வர்ஷினிகிட்ட சொல்லணும். நானே சொல்றேன். ஊர்ல இருக்கறவங்க வாயால கேட்டு அவளுக்குத் தெரிய வேண்டாம்.

— உங்களால முடியுமா?

— தெரியலை. அவ என் மூஞ்சியைப் பார்த்தா... அப்பான்னா உயிரையே வெச்சிருக்கா. அது போயிடும் சுபா. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒண்ணும் இருக்காது.

— போகட்டும். அவளுக்குத் தெரியட்டும். படியில சத்தம் கேக்குது, வந்துட்டா. கண்ணைத் தொடைங்க. தொடைச்சுட்டு நேராப் பேசுங்க. அணில் குரல்ல பேசாதீங்க.

— அம்மா, கேப் ஒச்சிந்தா? டயம் ஆச்சா? நான் டூ மினிட்ஸ்ல டிரஸ் மாத்திட்டு வரேன், ப்ராமிஸ்!

— கேப் வரலை சாமி. இங்க வா, உட்காரு. தண்ணி குடி முதல்ல. அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— ஏன் அப்பா கண்ணு ரெட்டா இருக்கு?

— வர்ஷூ... நீ செகண்ட் ஸ்டாண்டர்ட் படிக்கும்போது லிஃப்ட் நின்னு போச்சில்ல? மூணு தடவை?

— ம். புக்ல இருக்கறது.

— அது கரண்ட் கட் இல்லைடா. சாம்பசிவம் அங்கிளும் ஒண்ணும் பண்ணலை. நான்தான் மேலே போய் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணினேன். நீ என்ன பண்றேன்னு பார்க்கறதுக்காக. ரொம்பத் தப்பு அது. ரொம்ப ரொம்பத் தப்பு. சாரிடா.

— தெலுசு அப்பா.

— என்னது?

— எனக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் டைம் தெரியலை. செகண்ட் டைம் பாடிட்டே மேலே பார்த்தேன். டோர்ல கண்ணாடி இருக்கில்ல, அதுல உங்க ப்ளூ செப்பல் தெரிஞ்சது. நீங்க நின்னுட்டு இருந்தீங்க. நான் பாட்டை ஸ்டாப் பண்ணிட்டேன்.

— ஐயோ... கண்ணு, அம்மாகிட்ட ஏன் சாமி சொல்லலை?

— நீங்கதானே சொன்னீங்க? அப்பா புக் எழுதறார், டிஸ்டர்ப் பண்ணக் கூடாதுன்னு.

— வர்ஷூ, தெரிஞ்சுமா மூணாவது தடவை அப்படி அழுதே? அஞ்சு விநாடியில? நான்தான் வெளியே நிக்கறேன்னு உனக்குத் தெரியுமில்ல. ஏன்டா அவ்வளவு பயந்தே?

— அன்னைக்கு நான் பயப்படலையே.

— பயப்படலையா? பின்னே எதுக்கு அழுதே?

— சாம்பசிவம் அங்கிள்தான் சொல்லிக் குடுத்தாரு. நீங்கதான்னு அவருக்குத் தெரியும் அப்பா, ஃபர்ஸ்ட்ல இருந்தே தெரியும். "தல்லி, தைரியமா நிக்காதே, லிஃப்ட் நின்னவுடனே சத்தமா அழுதுடு, நீ அழற வரைக்கும் உங்க அப்பா திறக்க மாட்டாரு"ன்னாரு.